சீட்டுக்கு நினைவில்லை

ஒருமுறை தோற்றவன் சிரிக்கிறான். இருமுறை தோற்றவன் சிந்திக்கிறான். இருபதுமுறை தொடர்ந்து தோற்றவனோ வானத்தைப் பார்க்கிறான்! வானத்திலே என்ன இருக்கிறது? கோள் இருக்கிறது என்கிறான் சோதிடன். கோபம் கொண்ட தெய்வம் இருக்கிறது என்கிறான் பூசாரி. இரண்டும் இல்லை என்று மேடையிலே முழங்குகிறோம் நாம். அதே சொல்லை, இருபது தோல்விக்குப் பின், ஆட்டமேசையிலே அமர்ந்தபடி நம்மால் சொல்ல முடியுமா? மேடையில் எளிதாய் இருப்பது மேசையில் ஏன் கடினமாகிவிடுகிறது?

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. எதிரே வந்து அமர்ந்த ஒரு நண்பரிடமிருந்து வந்தது.

கல்லூரியில் நம்மோடு பயின்றவர். இராகுகாலத்தை எள்ளி நகையாடி, சொற்போரில் பரிசு பெற்றவர். சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணி. கைப்பேசியிலே போக்கர் ஆடக் கற்றார். முதல் சில மாதங்கள் வென்றார், மகிழ்ந்தார். 2024 சூலையில் தொடங்கியது தோல்வி. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் என மாதங்கள் மாறின, தோல்வி மாறவில்லை. நவம்பரில் ஒரு மாலை நம் அறைக்கு வந்தார். ஆடும்போதெல்லாம் ஒரே சட்டையை அணிகிறார் என்பதும், செவ்வாய்க்கிழமைகளில் ஆடுவதில்லை என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தன. திகைத்துப்போனோம். “நீயா?” என்று கேட்டோம்.

“நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால், எதற்கு வம்பு?” என்றார். பிறகு, “நீ வாத்தியார்தானே, சொல்லு. எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார்.

நாம் என்ன விடை கூறினோம்? வெட்கத்தோடு எழுதுகிறோம்: “கவலைப்படாதே. இவ்வளவு தோற்ற பிறகு இனி வெற்றிதான் வரவேண்டும். காலம் மாறும்” என்றோம். அவர் சென்ற பின்னர்தான் உறைத்தது, நாம் கூறியது சோதிடன் கூறுவது என்பது. அவன் தட்சணை வாங்கிக்கொண்டு கூறுகிறான். நாம் வாங்காமல் கூறினோம், அவ்வளவே வேறுபாடு! மூன்று வாரம் சென்றது. தங்கையின் கல்லூரி விடுதிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணமும் அந்த ஆட்டத்திலே கரைந்தது. மாறும் என்று நாம் கூறிய காலத்திற்காக அவர் காத்திருந்தார். அந்தப் பணத்தில் நம் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே, அன்று சொல்லத் தவறிய விடையை இன்று எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

தோல்வித் தொடருக்கு நம் நாட்டிலே பழைய விடை ஒன்று உண்டு. நளன் சூதாடினான், நாடு இழந்தான், காட்டுக்குச் சென்றான். ஏன் தோற்றான்? கால் கழுவுகையில் ஓரிடம் நனையாமற் போயிற்றாம்; அவ்வழியே புகுந்துகொண்டதாம் பீடை! கலி என்பர் சிலர். சனி என்பர் பலர். நளனை விட்டுச் சனி நீங்கியதாகக் கூறப்படும் திருநள்ளாற்றுக் குளத்திலே இன்றும் மக்கள் மூழ்கி எழுகிறார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். அதனால் விளைந்தது என்ன என்று பாருங்கள். சூதாடியது நளன், பழி ஏற்றதோ சனி! தவறு செய்தவன் குளித்து எழுந்தான். தவறு மட்டும் ஆராயப்படாமலே கிடந்தது.

சீட்டு என்ன சொல்கிறது? கட்டிலே 52 சீட்டுகள். போக்கரில் பெரும்பாலோர் ஆடும் வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவிலே ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். மறைவாக வரும் இரண்டும் ஏஸாக அமைவதே மிகச் சிறந்த தொடக்கம். 221 முறைக்கு ஒருமுறை என்ற அளவிலேதான் அது அமையும். எதிராளியிடம் இரண்டு ராஜாக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே இருவரும் முழுப்பணத்தையும் வைத்தால், ஏஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு முறை வெல்வார். அப்படியானால் ஐந்தில் ஒருமுறை? தோற்பார்! இரண்டு முறை அடுத்தடுத்துத் தோற்பது இருபத்தைந்தில் ஒன்று. மூன்று முறை தோற்பது 125இல் ஒன்று. ஆயிரம் பேர் இப்படி மும்முறை ஆடினால், ஏறத்தாழ எட்டுப் பேர் மூன்றிலும் தோற்றுத் தலைகுனிந்து எழுவர். அவர்களுள் ஒவ்வொருவரும் “எனக்கு மட்டும் ஏன்?” என்றே கேட்பார். யாரேனும் எட்டுப் பேர் அங்கே அமர்ந்துதான் தீரவேண்டும் என்பதே விடை. அவர்தம் பெயரைச் சீட்டு அறியாது. பிறந்த நாளையும் அறியாது.

முன்பு நடந்ததையும் அறியாது. 1913 ஆகஸ்டு 18 அன்று மாண்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில், ரூலெட் சக்கரத்தின் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்புக் கட்டத்திலேயே விழுந்தது. “இத்தனை முறை கறுப்பு விழுந்துவிட்டதே, இனிச் சிவப்புதான்!” என்று கூட்டம் பணத்தைக் குவித்தது, பெருந்தொகையை இழந்தது. அந்தக் கூட்டம் கூறியதும், நம் நண்பரிடம் நாம் கூறியதும் ஒன்றேயல்லவா? இனி வெற்றிதான் வரவேண்டும் என்றோமே, யார் வரச்சொல்லி ஆணையிடுவது? சக்கரத்திற்குக் கடன் நினைவு உண்டா? சீட்டுக்கு நன்றி உணர்ச்சி உண்டா?

ஆக, தொடர் தோல்விக்குக் கோள் வேண்டியதில்லை; குற்றம்கூட வேண்டியதில்லை. தற்செயலே போதும். தோற்றுக் கிடப்பவருக்கு இது பெரும் ஆறுதல். நன்றாக முடிவெடுத்தும் ஒருவர் தோற்கலாம். மோசமாக முடிவெடுத்தும் ஒருவர் வெல்லலாம். விளைவைக்கொண்டே மனிதனை அளப்பது தவறு. இதை நாம் அறியாதவர்களா? ஏழை ஏன் ஏழையானான் என்றால், முற்பிறப்பிலே செய்த வினை என்றார்கள். விளைவைக் காட்டி, காரணத்தைக் கற்பித்து, வீழ்ந்தவன் தலையிலேயே பழியையும் சுமத்தினார்கள். அந்தக் கர்மக் கோட்பாட்டை மறுத்தவர்கள், “நான் தோற்கிறேன், ஆகவே தோற்கத்தக்கவன்” என்று தம்மைத்தாமே இழித்துக்கொள்ளலாமா? அதுவும் கர்மக் கோட்பாடுதான்; மேசையளவுக்குச் சிறுத்துப்போன கர்மக் கோட்பாடு!

இங்கேயே நிறுத்திவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை இங்கே நிற்கவில்லை.

போக்கர் ஆடுவோரிடம் ஒரு சொல் உண்டு: வேரியன்ஸ். தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் என்பது பொருள். கணக்கறிவிலே பிறந்த நல்ல சொல். ஆயினும் அது வழங்கும் விதத்தைக் கவனியுங்கள். தோற்றவர் எல்லாம் “வேரியன்ஸ்” என்கிறார். வென்றவர் எவரும் அச்சொல்லை எடுப்பதில்லை! வெற்றி வந்தால் என் திறமை. தோல்வி வந்தால் வேரியன்ஸ். சனிக்குப் புதுப்பெயர் சூட்டி, கோட்டும் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆராயாமல் தப்பிக்க உதவும் எந்தச் சொல்லும், அறிவியல் உடை அணிந்து வந்தாலும், விதி என்ற சொல்லின் வேலையைத்தான் செய்கிறது.

தற்செயல் எவ்வளவு தொலைவு வரை நம்மை ஏமாற்றும்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் போக்கர் ஆடும் கணினி ஒன்றை உருவாக்கினர். 2015இல் அதற்கும், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வருக்கும் போட்டி நடந்தது. ஆடிய சுற்றுகள் 80,000. முடிவிலே மனிதர் பக்கம் 7 இலட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் முன்னணி. வெற்றி என்று கொட்டு முழக்கலாமல்லவா? கூடாது என்றனர் ஆராய்ச்சியாளர். இந்த வேறுபாடு தற்செயலாலும் வந்திருக்கலாம், புள்ளியியல் அளவிலே இது சமநிலைதான் என்றனர். 2017 சனவரியில் வேறொரு கணினி நிரல், 20 நாளில் 1,20,000 சுற்றுகள் ஆடி வென்றபோதுதான் முடிவு தெளிவாயிற்று. அப்போட்டிகளிலே ஒரு பக்கத்துக்கு வந்த சீட்டையே மற்றொரு முறை மறுபக்கத்துக்குத் தந்து, அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்கவும் செய்தனர்.

எண்ணிப் பாருங்கள்! ஒரு மேசையைச் சுற்றி நேரிலே அமர்ந்து ஆடினால், மணிக்கு 30 சுற்றுகள் ஆடலாம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், ஒருநாளும் ஓயாமல் ஆடினாலும், 80,000 சுற்றுகளை முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். அறிஞர்களே அவ்வளவு ஆட்டத்தை வைத்து உறுதி கூற இயலாதபோது, ஐந்து மாதத் தோல்வியை வைத்து “நான் மோசமான ஆட்டக்காரன்” என்று எப்படி முடிவு கட்டுவது? சரி. அப்படியானால், அதற்கு முன் வந்த சில மாத வெற்றியை வைத்து “நான் வல்லவன்” என்று முடிவு கட்டினோமே, அது மட்டும் எப்படிச் செல்லும்? இந்த வாள் இரு புறமும் வெட்டும். தோல்வியின் பழியைத் துடைக்கும் கணக்கு, வெற்றியின் பெருமையையும் உடன் துடைத்துவிடுகிறது. குறளிலே சூது பற்றிய அதிகாரம், தோல்வியைப் பேசுமுன் வெற்றியைப் பற்றியே முதலில் எச்சரிப்பது இதனாலன்றோ!

போக்கர் திறமையா, வாய்ப்பா என்று அரசும் நீதிமன்றமும்கூட வாதிட்டன. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் எனப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அவை திறமை ஆட்டங்களே எனக் கூறி அப்பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், இரண்டுக்கும் வேறுபாடு பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. ஓர் ஆட்டத்திலே திறமைக்கு இடம் உண்டா என்பது மன்றத்தின் கேள்வி. அத்திறமை என்னிடம் உண்டா என்பது தோற்பவனின் கேள்வி. முன்னதற்குத் தீர்ப்பு வந்தாலும், பின்னதற்கு அவனவனே விடை தேடவேண்டும்.

தேடும்போது முதலில் காணவேண்டியது, ஆட்டத்தை நடத்துபவரின் கை. ஒவ்வொரு சுற்றிலும் குவியும் பணத்திலிருந்து அவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார், ‘ரேக்’ என்பர். சமவல்லமை உடைய அறுவர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு அமர்ந்தால், விடியும்போது மேசையில் ஆறாயிரம் இராது. வெட்டுப்பட்டது போக மீதிதான் இருக்கும். நீண்ட நாள் ஆடினால் அறுவரும் இழப்பர். ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது. அதற்கு மேலும் ஒரு வெட்டு. ஆகவே தொடர் தோல்வி என்பது அங்கே அதிசயமன்று. சராசரி மனிதனுக்கு அதுவே இயல்பு.

அடுத்துக் காணவேண்டியது, தோல்வி நமக்குள்ளே செய்யும் வேலை. கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நூறு ரூபாய் பெறும் மகிழ்ச்சியினும் நூறு ரூபாய் இழக்கும் வலி பெரிது. இழப்பில் இருப்பவன், உறுதியான சிறு இழப்பை ஏற்க மறுத்து, பெரிய அபாயத்தைத் தேடிச் செல்வான் என்று அவர்கள் காட்டினர். இதற்கு நம்மிடம் பழைய சித்திரம் உண்டு. தருமன் மணியை வைத்தான், தோற்றான். தேரை வைத்தான், தோற்றான். நாட்டை, தம்பியரை, தன்னை, கடைசியில் மனைவியை! சகுனியின் காய் கள்ளக்காய் என்பர். இருக்கட்டும், தோற்கத் தோற்கப் பணயத்தை ஏற்றிய கை யாருடைய கை? அவனைத் தருமன் என்றே இன்றும் அழைக்கிறோம்!

உருசிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி, ‘சூதாடி’ என்னும் நாவலை 1866இல் எழுதினார். ஜெர்மானிய ஊர்களின் ரூலெட் மேசைகளிலே, மனைவியின் உடைமைகளையும் அடகுவைத்து ஆடியவர் அவர். பதறாமல் ஆடினால் வெல்லலாம் என்று உறுதியாக நம்பினார். 1871இல்தான் விட்டொழித்தார். மனித உள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் கண்டவர், தம் உள்ளத்தின் அந்த ஒரு மூலையைக் காணப் பல்லாண்டு ஆயிற்று. பதறாமை நல்ல குணம். ஆயினும் தோற்கும் ஆட்டத்தை வெல்லும் ஆட்டமாக மாற்றும் ஆற்றல் அதற்கில்லை.

எனில் என் செய்வது? நண்பரோடு ஒரு ஞாயிறு முழுதும் அமர்ந்தோம். ஆடிய சுற்றுகள் அனைத்தும் அவர் கணக்கிலே பதிவாகியிருந்தன, ஏறத்தாழ 15,000. இரண்டு ஏஸ் வந்த சுற்றுகள் மட்டும் எழுபது. அவற்றுள் அவர் நினைவில் நின்றவை, தோற்ற ஒன்பதே! வென்றவை எல்லாம் மறந்துபோயிருந்தன. நினைவு ஒரு நேர்மையற்ற கணக்கன் என்பதைக் கணக்கர் ஒருவரே அன்று கண்டுகொண்டார்.

பிறகு நேரம் பார்த்துப் பிரித்தோம். இரவு பத்து மணிக்கு முன் ஆடியதில் இழப்பு இருந்தது, ஆனால் சிறிது. மொத்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பத்து மணிக்குப் பின் வந்தது. முன்னிரவிலே தோற்ற நாள்களில், பின்னிரவிலே பணயத்தை இரட்டிப்பாக்கியிருந்தார். இறக்கிவைக்க வேண்டிய சீட்டுகளையெல்லாம் பிடித்து ஆடியிருந்தார். ஏட்டை நெடுநேரம் பார்த்திருந்தார். “இதில் சனி எங்கே இருக்கிறது?” என்று தாமே கேட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியிலே நின்றது.

எஞ்சிய ஒரு பங்கு எதனால்? தற்செயலா, திறமைக் குறைவா? ஏடு கூறவில்லை, 15,000 சுற்றுகளைக் கொண்டு கூறவும் முடியாது. “அப்படியானால் இன்னும் ஆடிப் பார்த்தால்தானே தெரியும்?” என்றார் நண்பர். இங்கேதான் கணக்கு முடிந்து அறம் தொடங்குகிறது. தெரிந்துகொள்ளும் விலையை யார் கொடுப்பது? தன் உழைப்பில் தன் தேவை போக மிஞ்சியதை ஒருவர் இழந்தால், அது அவர் தவறு, அவரோடு போகும். தங்கையின் கட்டணத்தை வைத்து ஆடினால், அந்தத் தங்கை கேளாமலே பந்தயத்தில் அமர்த்தப்படுகிறாள். முடிவு சரியா தவறா என்பதை விளைவு காட்டாது என்றோம். ஆம், அந்தப் பணத்தை வைத்து அவர் வென்றிருந்தாலும் அது தவறான முடிவே!

தங்கையிடம் உரைத்துவிடுவது என்று முடிவாயிற்று. நாமும் உடன் சென்றோம். நம் பங்கும் இருந்ததல்லவா? அதிர்ஷ்டத்தைப் பற்றி அந்தப் பெண் ஒரு சொல் கேட்கவில்லை. “எவ்வளவுண்ணா?” என்றாள். தொகையைச் சொன்னார். ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தக் கல்வியாண்டுக்குள் மாதந்தோறும் தந்து அடைத்தார். சட்டம் வந்து ஆட்டத்தை மூடுமுன்பே, அவர் மேசையைவிட்டு எழுந்துவிட்டார்.

எழுந்தது தோல்வியா என்று இடையே ஒருநாள் கேட்டார். இழந்ததை மீட்கும் வரை எழக்கூடாது என்னும் எண்ணமே தோல்வியின் பிடி. மேசைக்கு வருமுன் இருந்த பணம் போய்விட்டது. அதை மீட்பதற்கு என்று தனி ஆட்டம் எதுவும் இல்லை. அடுத்த சுற்று புதுச் சுற்று. அதை ஆடலாமா என்பதை, இதுவரை இழந்தது தீர்மானிக்கக் கூடாது. இனி வரக்கூடியதும், தாங்கக்கூடியதுமே தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு இழந்தால் எழுவது என்பதை அமருமுன்பே எழுதிவைக்க வேண்டும். அமர்ந்தபின் எழுதுகிற கை, தருமனின் கையாகிவிடும்.

சீட்டு மேசைக்கு மட்டுமா இது? தேர்வு எழுதி எழுதித் தோற்ற மாணவன் நம் வகுப்பிலே இருக்கிறான். வேலைக்கு விண்ணப்பித்துச் சலித்த இளைஞன் நம் தெருவிலே இருக்கிறான். “எனக்கு மட்டும் ஏன்?” என்று அவர்கள் கேட்கும்போது, “காலம் மாறும்” என்று கூறி அனுப்பிவிடுவது எளிது. உடன் அமர்ந்து ஏட்டைப் புரட்டி, இது தற்செயல், இது உன் தவறு, இது உன்னை வெட்டுகிற அமைப்பின் பங்கு என்று பிரித்துக் காட்டுவது கடினம். அந்தக் கடினத்தை ஏற்பவரே பகுத்தறிவாளர். பகுத்து அறிவதுதானே அச்சொல்லின் பொருள்!

சீட்டுக்கு நினைவில்லை. நமக்கு உண்டு. அதை நேர்மையாக எழுதி வைப்போம், தோழர்களே.